இயங்குதள நிறுவல் கோப்பு எந்தப் பதிப்பு? பில்ட் எண்ணை அறிவது எப்படி - முழு விவரம்

புதுடெல்லி: கணினி பழுதடைந்தாலோ, வேகம் குறைந்தாலோ இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது பரவலான வழக்கம். அதற்காகப் பென்டிரைவில் சேமித்து வைத்துள்ள ஐஎஸ்ஓ கோப்பு எப்போது உருவாக்கப்பட்டது, எந்தத் திருத்தங்களை உள்ளடக்கியது என்பதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. கோப்பின் பெயரில் 'விண்டோஸ் 11' என்று இருந்தால் போதும் என்று கருதப்படுகிறது. ஆனால் ஒரே பெயரைக் கொண்ட இரு நிறுவல் கோப்புகளில் ஒன்று பாதுகாப்பானதாகவும் மற்றொன்று சிக்கலை உண்டாக்குவதாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அவற்றின் உள்ளே பதிவாகியுள்ள பில்ட் எண் மட்டுமே.

அந்த எண் எதைக் குறிக்கிறது, அதை எங்கே காண்பது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பன குறித்த விவரங்கள் வருமாறு:

எண்ணைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும்?

2024 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் பென்டிரைவ் அல்லது குறுவட்டு மூலம் நிறுவிய சில கணினிகள், அதன் பிறகு எந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்பையும் ஏற்க முடியாத நிலைக்குச் செல்லக்கூடும் என்று அதில் கூறப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 8 முதல் நவம்பர் 12 வரை வெளியான பாதுகாப்புப் புதுப்பிப்புகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட நிறுவல் ஊடகங்களில் மட்டுமே இச்சிக்கல் இருந்தது. இணையம் வழியாக, விண்டோஸ் அப்டேட் மூலம் மேம்படுத்திக்கொண்ட கணினிகளுக்குப் பாதிப்பில்லை. டிசம்பர் 10 அன்று வெளியான புதுப்பிப்பையோ, அதற்குப் பிந்தையதையோ உள்ளடக்கிய ஊடகத்தைப் பயன்படுத்துவதே தீர்வு என அறிவிக்கப்பட்டது.

இந்தக் கோப்புகள் அனைத்தும் 24எச்2 பதிப்பைச் சேர்ந்தவை. அனைத்திலும் பில்ட் எண் 26100. வேறுபாடு அதன் பின்வரும் திருத்த எண்ணில் மட்டுமே இருந்தது. அக்டோபர் 8 புதுப்பிப்பின் திருத்த எண் 2033. நவம்பர் 12-இல் வெளியானது 2314. டிசம்பர் 10-இல் வெளியானது 2605. அதாவது, 26100.2314 என்ற ஊடகத்தால் நிறுவப்பட்ட கணினி, வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லாமல் இயங்கினாலும் அடுத்தடுத்த மாதங்களின் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறாமல் போகக்கூடும். 26100.2605 என்ற ஊடகத்தில் அந்த அபாயம் இல்லை.

இதற்கு முன்னரும் இத்தகைய நிகழ்வு உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலரது கணினிகளில் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றி அமைத்திருந்தவர்களின் பழைய கோப்புறைகளை, அவற்றில் கோப்புகள் எஞ்சியிருந்த போதிலும், நிறுவல் நிரல் நீக்கியதே காரணம். இழப்பைத் தெரிவித்தவர்கள் பதிப்பை நிறுவியோரில் ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கினர் மட்டுமே என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. எனினும், சில நாட்களிலேயே அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. சரிசெய்யப்பட்ட பதிப்பு நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியானது. முதலில் வந்ததும் 1809 தான். திருத்தி வந்ததும் 1809 தான். இரண்டின் பில்ட் எண்ணும் 17763. முதலில் வந்த கோப்பின் திருத்த எண் 1 என்பதைக் கொண்டே அதை இனங்காண முடிந்தது.

பில்ட் எண் என்பது என்ன?

ஓர் இயங்குதளம் உருவாக்கப்படும்போது, அதன் மூல நிரல் முழுவதும் அவ்வப்போது தொகுக்கப்பட்டு இயங்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு வரிசை எண் வழங்கப்படுகிறது. அதுவே பில்ட் எண். பதிப்பின் பெயர் விற்பனைக்காகச் சூட்டப்படுவது. பில்ட் எண் பொறியாளர்கள் தங்கள் பணிக்காக இடுவது. ஆகவே பெயர் மாறினாலும் மாறாவிட்டாலும் இந்த எண் தொடர்ந்து ஏறிக்கொண்டே செல்லும்.

விண்டோஸ் 2000-இன் பில்ட் எண் 2195, எக்ஸ்பியின் எண் 2600, விஸ்டா 6000, விண்டோஸ் 7 முதலில் 7600, அதன் சர்வீஸ் பேக் 1-க்குப் பின் 7601, விண்டோஸ் 8-க்கு 9200, விண்டோஸ் 8.1-க்கு 9600. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10, 10240 என்ற எண்ணுடன் வந்தது.

தற்போதைய விண்டோஸில் முழு எண் நான்கு பகுதிகளைக் கொண்டது. 10.0.26100.2605 என்பதை எடுத்துக்கொண்டால், முதல் இரு பகுதிகளான 10.0 என்பது உட்கருவின் பதிப்பு. விண்டோஸ் 11 வந்த பின்னரும் இது மாறவில்லை. மூன்றாவது பகுதியான 26100 பில்ட் எண். நான்காவது பகுதியான 2605 திருத்த எண். மாதந்தோறும் வரும் புதுப்பிப்புகளால் உயர்வது இதுவே.

உட்கருவின் பதிப்பு மாறாததால் ஒரு குழப்பமும் நிலவுகிறது. விண்டோஸ் 11 இயங்கும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் பொருளின் பெயர் 'விண்டோஸ் 10' என்றே பதிவாகியிருப்பதைக் காணலாம். தனிநபர் கணினிகளைப் பொறுத்தவரை, பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விண்டோஸ் 11. அதற்குக் கீழே இருந்தால் முந்தைய பதிப்பு. இதுவே நம்பத்தக்க அளவுகோல்.

பதிப்புகளும் பில்ட் எண்களும்

விண்டோஸ் 10:

* தொடக்கப் பதிப்பு - 10240
* 1511 - 10586
* 1607 - 14393
* 1703 - 15063
* 1709 - 16299
* 1803 - 17134
* 1809 - 17763
* 1903 - 18362
* 1909 - 18363
* 2004 - 19041
* 20எச்2 - 19042
* 21எச்1 - 19043
* 21எச்2 - 19044
* 22எச்2 - 19045

விண்டோஸ் 11:

* 21எச்2 - 22000
* 22எச்2 - 22621
* 23எச்2 - 22631
* 24எச்2 - 26100
* 25எச்2 - 26200

பதிப்புப் பெயரில் உள்ள முதல் இரு இலக்கங்கள் ஆண்டையும், 'எச்1', 'எச்2' என்பவை ஆண்டின் முதல், இரண்டாம் பாதிகளையும் குறிக்கின்றன. 2004 வரையிலான பெயர்களில் கடைசி இரு இலக்கங்கள் மாதத்தைக் குறித்தன. அதன்படி 2004 என்பது அந்த ஆண்டில் வெளியான மென்பொருள் அன்று. 2020 ஏப்ரலைக் குறிக்கும் பெயர்.

நீண்ட எண்தொடரை வாசிப்பது எப்படி?

சில நிறுவல் கோப்புகளின் பெயரில் நீண்ட எண்தொடர் ஒன்று காணப்படும். 24எச்2 பதிப்பின் தொடக்கக் கோப்பில் அது '26100.1742.240906-0331.ஜிஇ_ரிலீஸ்_எஸ்விசி_ரிஃப்ரெஷ்' என்று அமைந்திருந்தது. இதில் 26100 பில்ட் எண். 1742 திருத்த எண். 240906 என்பது தொகுக்கப்பட்ட நாள், அதாவது 2024 செப்டம்பர் 6. 0331 என்பது நேரம், அதிகாலை 3.31 மணி. எஞ்சியது, மூல நிரலின் எந்தக் கிளையிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது.

கிளைப் பெயரில் வரும் ஈரெழுத்துகள் தனிமங்களின் குறியீடுகள். 'ஜிஇ' என்பது ஜெர்மானியம். 22000 பில்டில் வரும் 'சிஓ' கோபால்ட். 22621-இல் வரும் 'என்ஐ' நிக்கல். 19041-இல் காணப்படும் 'விபி' மட்டும் கற்பனை உலோகமான வைப்ரேனியத்தைக் குறிக்கிறது.

விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-இன் எண்தொடரில் 7601.17514 என்பதுடன் 101119-1850 என்ற பகுதி உண்டு. 2010 நவம்பர் 19, மாலை 6.50 மணி என்று அதை வாசிக்க வேண்டும். பழைய கோப்பொன்றின் வயதை அறிய இந்தத் தேதிப் பகுதி மிகவும் பயன்படும்.

கோப்பின் பெயரை நம்பலாமா?

கோப்பின் பெயரை எவர் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், அதை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாகப் பதிவிறக்கும் கோப்பின் பெயரிலும் பதிப்பு, மொழி, 64 பிட் வகை ஆகியவை இடம்பெறுமேயன்றித் திருத்த எண் பெரும்பாலும் இருப்பதில்லை. சில கோப்புகளில் 'வி2' போன்ற பின்னொட்டு இருக்கும். அதே பதிப்பின் புதுப்பிக்கப்பட்ட கோப்பு என்பதை மட்டுமே அது உணர்த்தும்.

கோப்பு மேலாளரில் தெரியும் 'மாற்றப்பட்ட தேதி'யும் பல நேரங்களில் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். அது கோப்பு பதிவிறக்கப்பட்ட நாளாகவோ, நகலெடுக்கப்பட்ட நாளாகவோ இருக்கலாம். ஐஎஸ்ஓ கோப்பைத் திறக்கும்போது தோன்றும் வட்டுப் பெயரும் உதவாது. 'சிசிகோமா_எக்ஸ்64எஃப்ஆர்இ' என்று தொடங்கும் அப்பெயர் செயலி வகையையும் மொழியையும் காட்டும். விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டின் பல பதிப்புகளிலும் இதே பெயர் இடம்பெற்றுள்ளதால், அதைக் கொண்டு பில்டைக் கண்டறிய முடியாது.

கோப்பின் உள்ளே பார்க்கும் முறை

விண்டோஸ் விஸ்டா முதல், இயங்குதளம் முழுவதும் 'விம்' என்னும் ஒற்றைக் கோப்பாகச் சுருக்கப்பட்டு நிறுவல் வட்டில் வைக்கப்படுகிறது. அந்தக் கோப்பிலேயே அதன் உள்ளடக்கத்தைப் பற்றிய குறிப்பும் எக்ஸ்எம்எல் வடிவில் பதிவாகியிருக்கும். பில்ட் எண்ணைக் காண வேண்டிய இடம் இதுவே. இயங்குதளத்தை நிறுவாமலேயே இதைப் படிக்க முடியும்.

1. விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய கணினியில் ஐஎஸ்ஓ கோப்பை இருமுறை சொடுக்கினால், அது ஒரு மெய்நிகர் வட்டாகத் திறக்கும். அதற்கு ஒதுக்கப்படும் வட்டு எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அதில் உள்ள 'சோர்சஸ்' கோப்புறையில் 'இன்ஸ்டால்.விம்' அல்லது 'இன்ஸ்டால்.இஎஸ்டி' என்ற கோப்பு இருக்கும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவி கொண்டு உருவாக்கிய பென்டிரைவில் இரண்டாவது வகை காணப்படும். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க இயலாது என்பதால், கூடுதலாகச் சுருக்கப்பட்ட இந்த வடிவம் பயன்படுகிறது.

3. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ட் சாளரத்தைத் திறந்து, விண்டோஸுடன் வரும் 'டிஸ்ம்' கருவியை 'கெட்-விம்இன்ஃபோ' என்ற தேர்வுடன் இயக்கி, 'விம்ஃபைல்' என்ற இடத்தில் அக்கோப்பின் முழு முகவரியைத் தர வேண்டும். கோப்பில் உள்ள எடிஷன்களின் பட்டியல், வரிசை எண்களுடன் திரையில் தோன்றும்.

4. இந்தப் பட்டியலில் பில்ட் எண் இருக்காது. அதே கட்டளையின் இறுதியில் 'இண்டெக்ஸ்' என்ற தேர்வைச் சேர்த்து, தேவையான எடிஷனின் வரிசை எண்ணைக் கொடுத்தால் மட்டுமே விரிவான விவரம் கிடைக்கும். பலரும் மூன்றாவது படியோடு நின்றுவிடுவதால் எண்ணைக் காணத் தவறுகின்றனர்.

5. திரையில் தோன்றும் விவரங்களில் 'வெர்ஷன்' என்ற வரியில் 10.0.26100 என்பது போன்ற எண் இருக்கும். திருத்த எண் அதனுடன் சேர்ந்து வராது; 'சர்வீஸ்பேக் பில்ட்' என்ற தனி வரியில் இருக்கும். சர்வீஸ் பேக் வெளியிடும் வழக்கம் விண்டோஸ் 7-உடன் முடிந்துவிட்டாலும் அந்த வரியின் பெயர் அப்படியே தொடர்கிறது. இரண்டு வரிகளையும் சேர்த்தால் முழு எண் கிடைக்கும்.

அதே திரையில் செயலி வகை, மொழி, உருவாக்கப்பட்ட தேதி, மாற்றப்பட்ட தேதி ஆகியவையும் காணப்படும். கோப்பு மேலாளர் காட்டும் தேதியைவிட இவை நம்பத்தக்கவை. பவர்ஷெல் பயன்படுத்துவோர் 'கெட்-விண்டோஸ்இமேஜ்' என்ற கட்டளையால் இதே விவரங்களைப் பெறலாம். விண்டோஸ் இல்லாத கணினியில், லினக்ஸுக்குக் கிடைக்கும் 'விம்லிப்' என்ற கட்டற்ற மென்பொருள் இதே பணியைச் செய்யும்.

எடிஷனையும் பார்க்க வேண்டும்

ஒரே ஐஎஸ்ஓ கோப்பில் ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், புரோ, எஜுகேஷன் எனப் பல எடிஷன்கள் அடங்கியிருக்கும். டிஸ்ம் கருவியின் 'எடிஷன்' வரியில் 'கோர்' என்று இருந்தால் அது ஹோம் எடிஷன். 'கோர்சிங்கிள்லாங்குவேஜ்' என்றால் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். 'புரொஃபெஷனல்' என்றால் புரோ.

இந்தியாவில் விற்பனையாகும் மடிக்கணினிகள் பலவற்றில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் எடிஷனே முன்கூட்டி நிறுவப்பட்டு வருகிறது. கணினியுடன் வந்த உரிமம் அந்த எடிஷனுக்கு மட்டுமே செல்லும். மறுநிறுவலின்போது புரோ எடிஷனை நிறுவினால் அந்த உரிமத்தைக் கொண்டு அதைச் செயல்படுத்த இயலாது. பணம் கொடுத்து வாங்கிய உரிமம் கையில் இருந்தும், கணினி உரிமமற்ற நிலையில் இயங்கும் நிலை இதனால் ஏற்படுகிறது.

ஆதரவுக் காலமும் எடிஷனுக்கு ஏற்ப மாறுபடும். 17763 பில்டைக் கொண்ட ஹோம், புரோ எடிஷன்களுக்கான ஆதரவு 2020 நவம்பர் 10 அன்றே முடிந்துவிட்டது. அதே பில்ட் எண் கொண்ட எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2019 எடிஷனுக்கு 2029 ஜனவரி 9 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் சர்வர் 2019-இன் பில்ட் எண்ணும் இதுவே. அதேபோல் 26100 என்பது விண்டோஸ் 11 24எச்2, விண்டோஸ் சர்வர் 2025 ஆகிய இரண்டுக்கும் பொதுவான எண். ஆகவே பில்ட் எண்ணை எடிஷனுடன் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

குழப்பம் தரும் 19041

விண்டோஸ் 10-இன் 22எச்2 ஐஎஸ்ஓ கோப்பை மேற்கண்ட முறையில் ஆராய்வோர், 19045 என்ற எண்ணுக்குப் பதிலாக 19041 என்று இருப்பதைக் கண்டு, பழைய கோப்பு தரப்பட்டுவிட்டதாக ஐயுறுவதுண்டு. அது பிழையன்று. 2004 முதல் 22எச்2 வரையிலான ஐந்து பதிப்புகளும் ஒரே அடித்தளத்தின் மீது அமைந்தவை. புதிய வசதிகள் அடித்தளத்திலேயே உறங்கு நிலையில் சேர்க்கப்பட்டு, 'எனேபிள்மெண்ட் பேக்கேஜ்' எனப்படும் சிறு தொகுப்பால் விழிப்பூட்டப்படுகின்றன. அத்தொகுப்பே கணினியில் காட்டப்படும் எண்ணை 19045 என மாற்றுகிறது. அடித்தளக் கோப்புகளின் எண் 19041 ஆகவே நீடிக்கும்.

இத்தகைய நேரத்தில் திருத்த எண்ணே வழிகாட்டி. 22எச்2-இன் தொடக்க ஐஎஸ்ஓ கோப்பு 19041.2006 என்று காட்டும். நிறுவிய பின் கணினியில் அது 19045.2006 எனத் தெரியும்.

வட்டில் உள்ள 'செட்டப்' நிரலின் மீது வலது சொடுக்கிட்டு, அதன் பண்புகளில் பதிப்பு எண்ணைப் பார்ப்போரும் உண்டு. இது தோராயமான விடையை மட்டுமே தரும். செட்டப் நிரல், நிறுவலைத் தொடங்கும் 'பூட்.விம்', உண்மையில் கணினியில் பதியும் 'இன்ஸ்டால்.விம்' ஆகியவை தனித்தனிக் கோப்புகள். எவரேனும் பழைய வட்டில் 'இன்ஸ்டால்.விம்' கோப்பை மட்டும் மாற்றி வைத்திருந்தால், செட்டப் நிரல் ஓர் எண்ணையும் நிறுவப்படும் இயங்குதளம் வேறோர் எண்ணையும் காட்டும்.

ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினியில் 'வின்வெர்' கட்டளை காட்டும் எண், அந்தக் கணினியின் இன்றைய நிலை. புதுப்பிப்புகளால் அது உயர்ந்திருக்கும் என்பதால், எந்தக் கோப்பிலிருந்து நிறுவப்பட்டது என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது.

மேக் கணினிகளில்

ஆப்பிள் நிறுவனம் எண்களுடன் எழுத்துகளையும் கலந்து பில்டைக் குறிக்கிறது. மேக்ஓஎஸ் சோனோமா 14.0-இன் பில்ட் '23ஏ344'. இதில் 23 என்பது டார்வின் எனப்படும் உட்கருவின் முதன்மைப் பதிப்பு. அடுத்த எழுத்து அப்பதிப்பின் எத்தனையாவது வெளியீடு என்பதை உணர்த்தும். 'ஏ' என்றால் முதலாவது. இறுதி எண் அந்த வெளியீட்டுக்குள் தொகுப்பின் வரிசை. பில்டின் முடிவில் ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்று இருந்தால் அது பொதுவாகச் சோதனைப் பதிப்பு. அன்றாடப் பயன்பாட்டுக் கணினியில் நிறுவத்தக்கதன்று.

'இன்ஸ்டால் மேக்ஓஎஸ்' செயலியின் தகவல் சாளரத்தில் தெரியும் எண், அந்த நிறுவல் செயலியின் எண்ணேயன்றி இயங்குதளத்தின் எண் அன்று. பிக் சர் முதலான பதிப்புகளில், செயலியின் உள்ளடக்கத்தைத் திறந்து 'ஷேர்ட்சப்போர்ட்' வட்டுப் படத்தில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பைப் பார்த்தால் பதிப்பும் பில்டும் எழுதப்பட்டிருக்கும்.

மேக் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஆப்பிள் தனது நிறுவல் செயலிகளில் இட்டிருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று 2019 அக்டோபர் 24 அன்று காலாவதியானது. அதற்கு முன் பதிவிறக்கிச் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய நிறுவல் செயலிகள், கோப்பு சேதமடைந்துவிட்டதாகக் கூறி இயங்க மறுத்தன. உண்மையில் கோப்பில் எந்தச் சேதமும் இல்லை. புதிய சான்றிதழுடன் ஆப்பிள் மீண்டும் வெளியிட்ட கோப்புகளைப் பதிவிறக்குவதே தீர்வாக அமைந்தது.

லினக்ஸ் வகைகளில்

உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் ஐஎஸ்ஓ கோப்பைத் திறந்தால், '.டிஸ்க்' என்ற மறைகோப்புறையில் 'இன்ஃபோ' என்ற சிறு உரைக் கோப்பு இருக்கும். பதிப்பு, செயலி வகை, உருவாக்கப்பட்ட தேதி ஆகியவை அதில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

உபுண்டுவின் பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் கூறும், 24.04 என்பது 2024 ஏப்ரலில் வெளியானது. 24.04.1 என மூன்றாவது எண் சேர்ந்தால், அதுவரையிலான திருத்தங்கள் தொகுக்கப்பட்ட கோப்பு என்று பொருள். நீண்டகால ஆதரவு பெறும் பதிப்புகளுக்கு 5 ஆண்டுகளும், இடைக்காலப் பதிப்புகளுக்கு 9 மாதங்களும் வழக்கமான ஆதரவு உண்டு என்பதால், பழைய பென்டிரைவில் உள்ளது எந்த வகை என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

எண் சரியாக இருந்தால் போதுமா?

பில்ட் எண், கோப்பு எந்தப் பதிப்பு என்பதை மட்டுமே கூறும். அக்கோப்பில் வேறு எவரும் கைவைக்கவில்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. சரியான பில்ட் எண்ணைக் கொண்ட கோப்பினுள் தீநிரலைச் சேர்த்து, எண்ணை அப்படியே விட்டுவைக்க முடியும்.

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மிண்ட் திட்டத்தின் இணையதளத்தில் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி அமைத்தனர். 17.3 பதிப்பின் சினமன் எடிஷனைப் பதிவிறக்க முயன்றவர்களுக்குப் பின்கதவு பொருத்தப்பட்ட ஐஎஸ்ஓ கோப்பு சென்றது. பெயரும் பதிப்பும் அசலைப் போலவே இருந்தன. பதிவிறக்கிய கோப்பின் ஹேஷ் குறியீட்டை, அசல் கோப்பின் குறியீட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் பயனர்களைக் கேட்டுக்கொண்டார்.

ஹேஷ் என்பது கோப்பு முழுவதையும் கணக்கிட்டுப் பெறப்படும் கைரேகை போன்றது. எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்துகளைக் கொண்டிருக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸில் 'சர்ட்யூடில்' கருவியின் 'ஹேஷ்ஃபைல்' தேர்வாலோ, பவர்ஷெல்லின் 'கெட்-ஃபைல்ஹேஷ்' கட்டளையாலோ இதைக் கணக்கிடலாம். லினக்ஸில் 'எஸ்எச்ஏ256சம்' கட்டளை உள்ளது. மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு மொழிக்குமான எஸ்எச்ஏ-256 குறியீட்டை வெளியிடுகிறது.

கோப்பு கிடைத்த அதே இடத்திலிருந்து ஹேஷ் குறியீட்டையும் எடுத்து ஒப்பிடுவதில் பயன் குறைவு. கோப்பை மாற்றியவர் குறியீட்டையும் மாற்றியிருக்கலாம். ஆகவே தயாரிப்பாளரின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள குறியீட்டுடனேயே ஒப்பிட வேண்டும். லினக்ஸ் வகைகள் பலவும் ஹேஷ் பட்டியலின் மீது டிஜிட்டல் கையொப்பமும் இடுவதால், அதைச் சரிபார்ப்பது மேலும் உறுதியளிக்கும். திருத்தி அமைக்கப்பட்ட, 'வேகமான' அல்லது 'எடை குறைந்த' விண்டோஸ் என்ற பெயரில் பரவும் கோப்புகளின் ஹேஷ் குறியீடு, தயாரிப்பாளரின் எந்தக் குறியீட்டுடனும் பொருந்தாது. அவற்றில் என்ன சேர்க்கப்பட்டது, என்ன நீக்கப்பட்டது என்பதைச் சரிபார்க்கப் பயனருக்கு வழியில்லை.

பழைய பென்டிரைவை என்ன செய்வது?

நிறுவலைத் தொடங்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பில்ட் எண் என்ன. திருத்த எண் என்ன. எடிஷன் கணினியின் உரிமத்துடன் பொருந்துகிறதா. ஹேஷ் குறியீடு தயாரிப்பாளர் வெளியிட்டதுடன் ஒத்துப்போகிறதா. பழுதுபார்க்கும் கடையில் கணினியைத் தருவோரும் முதல் மூன்றைக் கேட்டறியலாம்.

அதன் பிறகு, அந்தப் பதிப்புக்கான ஆதரவு நீடிக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. தனிநபர் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை உள்ளது. அதில் சேர 22எச்2 பதிப்பு அவசியம். விண்டோஸ் 11-இன் ஹோம், புரோ எடிஷன்களில், 22எச்2-க்கான ஆதரவு 2024 அக்டோபர் 8 அன்றும், 23எச்2-க்கான ஆதரவு 2025 நவம்பர் 11 அன்றும் முடிவடைந்தன. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரை ஆதரவு உண்டு.

ஆதரவு முடிந்த பதிப்பைக் கொண்ட கோப்பு, தரவு மீட்பு போன்ற அவசரத் தேவைகளுக்கு உதவலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கான கணினியில் அதை நிறுவுவதைத் தவிர்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய கோப்பைப் பதிவிறக்குவதே பாதுகாப்பானது. கைவசம் வைத்திருக்க விரும்பும் கோப்புகளுக்குப் பில்ட் எண், திருத்த எண், பதிவிறக்கிய நாள் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு, பென்டிரைவின் மீதும் அதே விவரத்தை ஒட்டி வைத்தால், அடுத்த முறை தேட வேண்டிய தேவை இருக்காது.